பெரிய அறையில் நால்வர், பக்கத்து அறையில் ஒருவர்: ஜெனசிஸ் குழுவின் 1974 இரட்டை ஆல்பம்

1974 கோடைக்காலம். ஜெனசிஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவில் இருந்த ஐந்து பேருக்கும் வயது 23, 24தான். அதற்குள் ஐந்து ஸ்டூடியோ ஆல்பங்கள் போட்டாகிவிட்டது. முந்தைய ஆண்டு வந்த 'செல்லிங் இங்கிலாந்து பை த பவுண்ட்' பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 3-ஆம் இடம் வரை போயிருந்தது. பாடகர் பீட்டர் கேப்ரியல் மேடையில் நரித்தலை மாட்டிக்கொண்டு வருவார், பூவிதழ் முகமூடி போட்டுக்கொண்டு வருவார். பாட்டுகள் ஆங்கிலேயக் கிராமம், புராணம், தேவதைக் கதை என்று சுற்றிவரும். அடுத்த ஆல்பமும் அதே தடத்தில் வந்திருந்தால் ரசிகர்கள் சந்தோஷமாகவே வாங்கியிருப்பார்கள்.

வந்தது வேறு. அந்த நவம்பரில் கரிஸ்மா இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட 'தி லாம் லைஸ் டவுன் ஆன் பிராட்வே' இரண்டு தட்டு, 23 பாட்டு, 94 நிமிடம். நியூயார்க் சுரங்க ரயில் நிலையத்தில் ஸ்ப்ரே பெயின்ட்டோடு திரியும் ரேயல் என்ற போர்ட்டோ ரிக்கோ இளைஞன், ஒரு விசித்திரமான பாதாள உலகத்துக்குள் இழுக்கப்படுகிறான். தன் அண்ணனோ தம்பியோ, ஜான் என்ற சகோதரனைத் தேடுகிறான். கடைசியில் வெள்ளத்தில் அடித்துப்போகும் ஜானைக் கரையேற்றி முகத்தைப் பார்த்தால், அது அவன் முகம். கதை அவ்வளவுதான். இல்லை, அவ்வளவு மட்டுமில்லை. ஆனால் இந்தக் கட்டுரைக்கு அது போதும்.

போதும் என்று சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. இந்த ஆல்பத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கேப்ரியலின் கதை, கேப்ரியலின் வேஷம், கேப்ரியல் குழுவை விட்டுப் போனது என்று அவரைச் சுற்றியே எழுதுகிறார்கள். இசை எப்படி உண்டானது, யார் எங்கே உட்கார்ந்து எதை வாசித்தார்கள் என்பது பின்னால் தள்ளப்பட்டுவிடுகிறது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. இந்த ஆல்பத்தில் ஒரு வேலைப் பிரிவினை நடந்தது: வார்த்தை முழுக்க ஒருவர், இசை பெரும்பாலும் மற்ற நால்வர். ஆல்பத்தின் பலம், பலவீனம், அப்புறம் குழு உடைந்தது, எல்லாவற்றுக்கும் நூல் பிடித்துப் போனால் அந்த ஏற்பாட்டில் போய்த்தான் நிற்கிறது.

அதுவரை இருந்த வழக்கம்

கீபோர்டு வாசிக்கும் டோனி பேங்க்ஸ், பேஸ் கிட்டார் வாசிக்கும் மைக் ரதர்ஃபோர்டு, கேப்ரியல் மூவரும் சார்ட்டர்ஹவுஸ் என்ற பணக்கார விடுதிப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். அவர்களோடு தொடங்கிய கிட்டார் கலைஞர் ஆந்தனி ஃபிலிப்ஸ் 1970-இல் விலகினார். அதே ஆண்டு டிரம்ஸுக்கு ஃபில் காலின்ஸ் வந்தார்; 1971 தொடக்கத்தில் கிட்டாருக்கு ஸ்டீவ் ஹேக்கெட். பள்ளித் தோழர்கள் மூன்று பேர், வெளியிலிருந்து வந்தவர்கள் இரண்டு பேர் என்ற கோடு கடைசிவரை முழுசாக அழியவில்லை. பள்ளி நாளிலிருந்து பழகிய பேங்க்ஸும் கேப்ரியலும் நெருங்கிய நண்பர்கள். அதே அளவுக்குச் சண்டையும் போடுவார்கள்.

பாட்டு யார் போட்டாலும் தட்டில் ஐந்து பேர் பெயரும் இருக்கும். வரிகளையும் பங்கு போட்டுக்கொள்வார்கள். ரதர்ஃபோர்டும் பேங்க்ஸும் நிறைய எழுதியிருக்கிறார்கள். யாராவது ஒரு துண்டைக் கொண்டுவருவார், இன்னொருவர் அதோடு தன் துண்டை ஒட்டுவார், அறையில் எல்லோருமாக வாசித்து வாசித்து அது ஒரு பாட்டாகும். நேரம் பிடிக்கும், வாக்குவாதம் வரும், ஆனாலும் எல்லாருடைய கையும் அதில் இருக்கும்.

புது ஆல்பத்துக்கு முழுக் கதை ஒன்று வேண்டும் என்று முடிவானதும் ரதர்ஃபோர்டு சொன்னது பிரெஞ்சு எழுத்தாளர் செந்த்-எக்சுபெரியின் 'குட்டி இளவரசன்' கதையை. கேப்ரியலுக்கு அது ரொம்ப மென்மையாக, காலத்துக்கு ஒட்டாததாகப் பட்டது. தேவதைக் கதைகளை விட்டு வெளியே வர வேண்டும், வியர்வையும் கோபமும் உள்ள ஒரு நகரத்துப் பையன் வேண்டும் என்பது அவர் கட்சி. ரேயலை முன்வைத்தார், ஜெயித்தார். ஜெயித்த கையோடு இன்னொன்றும் சொன்னார்: ஒரு நாவலை ஐந்து பேர் சேர்ந்து எழுத முடியாது, ஆகவே வரிகள் எல்லாம் நானே.

கதை என்று பார்த்தால் அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஐந்து பேர் கலந்து சமைத்த வழக்கத்தை அது ஒரே நாளில் முடித்துவிட்டது.

ஹெட்லி கிரேஞ்ச்

பாட்டு போட அவர்கள் போன இடம் ஹாம்ஷயரில் உள்ள ஹெட்லி கிரேஞ்ச். 1795-இல் ஏழைகளையும் முதியவர்களையும் அநாதைகளையும் அடைத்து வைக்கும் விடுதியாகக் கட்டப்பட்ட கட்டடம். லெட் செப்பலின் என்ற ராக் குழு அங்கேதான் தங்கள் நான்காவது ஆல்பத்தில் பெரும்பங்கைப் பதிவு செய்தது. ஜெனசிஸ் போய்ச் சேர்ந்தபோது வீடு பாழடைந்து கிடந்தது. ராத்திரியில் எலி ஓடும் சத்தம் கேட்கும் என்று பிற்பாடு பேட்டிகளில் எல்லோருமே சொன்னார்கள்.

பெரிய அறையில் பேங்க்ஸ், ரதர்ஃபோர்டு, ஹேக்கெட், காலின்ஸ் நால்வரும் வாத்தியங்களை விரித்துப்போட்டு வாசித்தார்கள். வேறொரு அறையில் ஒரு பியானோவோடு கேப்ரியல் தனியாக உட்கார்ந்து எழுதினார். மெட்டுக்கு வரி எழுதுவது என்பது ஜெனசிஸுக்குப் புதிது இல்லை. இங்கே சிக்கல் வேகத்தில் வந்தது. நால்வரும் சளைக்காமல் இசையைக் கொட்டினார்கள்; நிரப்ப வேண்டியதோ இரண்டு தட்டு. கேப்ரியல் மெதுவாக எழுதுகிறவர், அடித்துத் திருத்துகிறவர். இசை எப்போதும் முன்னால் போய்க்கொண்டே இருந்தது, வரி பின்னாலேயே ஓடிவந்தது.

இதற்கு நடுவில் கலிபோர்னியாவிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. 'எக்சார்சிஸ்ட்' படத்தை எடுத்த வில்லியம் ஃப்ரீட்கின், 1973-இல் வந்த 'ஜெனசிஸ் லைவ்' தட்டின் பின்னட்டையில் கேப்ரியல் எழுதியிருந்த ஒரு குட்டிக் கதையைப் படித்திருந்தார். ரயிலில் ஒரு பெண் தன் உடம்பையே ஜிப்பைத் திறப்பதுபோலத் திறக்கும் கதை அது. இப்படி யோசிக்கிற ஆள் எனக்கு வேண்டும் என்றார். கேப்ரியல் சைக்கிளில் மலைச்சரிவின் கீழே இருந்த டெலிபோன் கூண்டுக்குப் போய், பை நிறைய பத்து பென்னி நாணயங்களோடு அவரிடம் பேசிவந்தார். ஆல்பத்தைக் கொஞ்ச காலம் ஒத்திவைக்கலாமா என்று குழுவில் கேட்டார். முடியாது என்றார்கள். அப்படியானால் நான் போகிறேன் என்று கிளம்பியும் விட்டார்.

தன்னால் ஒரு குழு உடைகிறது என்று தெரிந்ததும் ஃப்ரீட்கின் பின்வாங்கினார். கரிஸ்மாவின் உரிமையாளர் டோனி ஸ்ட்ராட்டன்-ஸ்மித் சமாதானம் பேசினார். கேப்ரியல் திரும்பி வந்தார். ஆனால் அவர் இல்லாத அந்த இடைவெளியில் நால்வரும் வாசிப்பதை நிறுத்தவில்லை. பாடகர் இல்லாமலும் வண்டி ஓடும் என்பது அப்போதே அவர்களுக்குத் தெரிந்துபோயிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இசைக்குள்

முதல் பாட்டு, ஆல்பத்தின் பெயரையே தாங்கியது, பேங்க்ஸும் கேப்ரியலும் சேர்ந்து போட்டது. இரண்டு கைகளும் ஒன்றின் மேல் ஒன்று தாவித் தாவி வாசிக்கும் வேகமான பியானோ தொடக்கம். அதன் அடியில் ரதர்ஃபோர்டின் பேஸ் உறுமிக்கொண்டு நுழைகிறது. முந்தைய ஆல்பங்களில் அவர் வாசித்த 12 தந்தி கிட்டாரின் சலசலப்பை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இந்த உறுமலே போதும், இடம் மாறிவிட்டது என்று புரிந்துவிடும்.

இரண்டாவது பாட்டான 'ஃப்ளை ஆன் எ விண்ட்ஷீல்டு' பிறந்த விதத்தைப் பேங்க்ஸ் பலமுறை சொல்லியிருக்கிறார். பெரிய அறையில் ஒருநாள் ரதர்ஃபோர்டு, எகிப்து மன்னர்கள் நைல் நதியில் படகில் போகிற மாதிரி வாசிக்கலாம் என்றார். இரண்டு ஸ்வரக்கட்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்து வாசிக்கும் கார்டு), அவ்வளவுதான் அடித்தளம். பாட்டின் தொடக்கத்தில் மெல்லிய கிட்டாரும் குரலும் மட்டும் இருக்கும். பிராட்வே தெருவில் ஒரு சுவர் நகர்ந்து வந்து ரேயலை விழுங்கப்போகிறது. காற்று இறுகிக்கொண்டே வருகிறது. ஒரு கணம் எல்லாம் நின்று, காலின்ஸின் டிரம்ஸ் இடிபோல விழுகிறது. மெலோட்ரானின் கோரஸ் விரிகிறது, ஹேக்கெட்டின் கிட்டார் நீண்டு அழுகிறது. மெலோட்ரான் என்பது ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு டேப் துண்டு ஓடும் வாத்தியம். அதில் கேட்பது பதிவு செய்து வைத்த மனிதக் குரல்கள். சில விநாடிகளில் டேப் தீர்ந்துவிடும், கையை எடுத்து மறுபடி அழுத்த வேண்டும். அந்தக் குறையே பேங்க்ஸின் கையில் ஒரு மூச்சாக மாறியது. ஜெனசிஸ் வாசித்ததிலேயே மிகக் கனமான சில நிமிடங்கள் இவை என்பேன். இதில் கதைக்குப் பங்கு குறைவு. நான்கு பேர் ஒரு படத்தை மனதில் வைத்துக்கொண்டு வாசித்தார்கள். அந்தப் படம் நைல் நதி. அதன்மேல் நியூயார்க் பிற்பாடுதான் வந்து உட்கார்ந்தது.

'இன் த கேஜ்' எட்டு நிமிடப் பாட்டு. இதயம் துடிப்பதுபோல பேஸ் தொடங்க, குரல் தூக்கத்தில் பேசுவதுபோல ஆரம்பிக்கிறது. சுற்றிலும் பாறை இறுகி ஒரு கூண்டு உருவாகிறது. ஹேமண்ட் ஆர்கன் துரத்துகிறது, தாளம் சீராக ஓடாமல் கால் இடறி இடறி முன்னேறுகிறது. நடுவில் பேங்க்ஸின் சிந்தசைசர். அவரிடம் இருந்தது ஆர்ப் புரோ சோலோயிஸ்ட் என்ற மாடல். ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஸ்வரம்தான் அதில் வரும். ஆர்கனில் பத்து விரலாலும் வாசித்துப் பழகியவருக்கு இது கையைக் கட்டிப்போட்டது போல. அதனால்தான் அந்தத் தனி வாசிப்பு ஒரு பாடகனின் வரிபோல, எங்கே மூச்சு விடுவது என்று யோசித்து அமைந்திருக்கிறது. கேப்ரியல் போன பிறகும் ஜெனசிஸ் பல ஆண்டுகள் மேடையில் விடாமல் வாசித்த பகுதி இதுதான்.

'பேக் இன் என்.ஒய்.சி.' தாளத்தின் ஒரு சுற்றுக்கு 7 எண்ணிக்கை என்று போகும் பாட்டு. சிந்தசைசர் ஒரே சுற்றைத் திரும்பத் திரும்ப இடிக்க, கேப்ரியல் தொண்டை கிழியக் கத்துகிறார். கரடுமுரடான, கோபம் கொண்ட பங்க் ராக் இசை பிரிட்டனில் வெடிக்க இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறது. அந்த அலை வந்தபோது ஜெனசிஸ் போன்ற குழுக்களைத்தான் முதலில் கேலி செய்தது. இந்த ஒரு பாட்டைக் கேட்டிருந்தால் அப்படிச் செய்திருக்க முடியாது.

அதை அடுத்து வருவது 'ஹேர்லெஸ் ஹார்ட்', இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல், வரியே இல்லை. கதையில் ரேயலின் ரோமம் படர்ந்த இதயத்தைச் சவரம் செய்கிறார்கள். இசையில் ஹேக்கெட்டின் கிட்டாரும் பேங்க்ஸின் கீபோர்டும் ஒன்றையொன்று தொட்டு நகர்கின்றன. இந்த ஆல்பத்தில் ஹேக்கெட்டுக்கு இடம் குறைவு என்பது பழைய குறை. அது உண்மைதான். ஆனால் கிடைத்த இடத்தில் என்ன செய்தார் என்று கேட்க வேண்டும். 'த லேமியா' பாட்டில் பேங்க்ஸின் பியானோ கதையைச் சொல்லிமுடித்த பிறகு கடைசியில் கிட்டார் எழுகிறது. பாம்புப் பெண்கள் ரேயலின் ரத்தத்தைச் சுவைத்துச் செத்துப்போன பிறகு வரும் துக்கம் அது. வரி அதைச் சொல்வதைவிட அந்தக் கிட்டார் தெளிவாகச் சொல்கிறது.

காலின்ஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜாஸ் பக்கம் மனம் உள்ள டிரம்மர். எண்ணிக்கை 7, 9 என்று எப்படிப் போனாலும் கேட்கிறவருக்குக் கணக்கு தெரியாது, ஓட்டம்தான் தெரியும். 'ரைடிங் த ஸ்க்ரீ'யில் 9 எண்ணிக்கையின் மேல் பேங்க்ஸ் விளையாடும்போது கீழே நிலம் நழுவாமல் பிடித்துவைத்திருப்பவர் அவர்தான். பல பாட்டுகளில் கேப்ரியலுக்குப் பின்னால் ஒலிக்கும் இரண்டாவது குரலும் அவருடையது. அந்தக் குரலுக்கு அடுத்த ஆண்டே பெரிய வேலை வரப்போகிறது.

'த வெயிட்டிங் ரூம்' முழுக்க முழுக்க அந்த நேரத்தில் வாசித்துப் பார்த்தது. குழுவுக்குள் அதற்குப் பெயர் 'ஈவில் ஜாம்'. ஹெட்லி கிரேஞ்சில் முதன்முதலாக அதை வாசித்த மாலையைக் காலின்ஸ் நினைவுகூர்ந்திருக்கிறார். கேப்ரியல் ஓபோ வாத்தியத்தின் நாணல் துண்டை மட்டும் மைக்கில் வைத்து ஊதிக்கொண்டிருந்தார், மற்றவர்கள் கைக்கு வந்த சத்தத்தையெல்லாம் எழுப்பினார்கள், வெளியே திடீரென்று இடி இடித்து மழை கொட்டியது. இதில் ஐந்து பேரும் ஒரே அறையில் இருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆல்பத்தில் அப்படிப்பட்ட இடங்கள் குறைவு. இருக்கும் இடங்களில் காற்றே வேறு மாதிரி இருக்கிறது.

'கார்ப்பெட் கிராலர்ஸ்' இந்தத் தட்டிலிருந்து பொதுமக்களிடம் போய்ச் சேர்ந்த ஒரே பாட்டு. பேங்க்ஸும் ரதர்ஃபோர்டும் ஒரு ஸ்வரக்கட்டு வரிசையை அமைத்துக் கொடுத்தார்கள். கேப்ரியல் அதை எடுத்துக்கொண்டு, லண்டன் கென்சிங்டனில் இருந்த மாமனார் வீட்டில் சுருதி விலகிய ஒரு பியானோவில் மணிக்கணக்காக உட்கார்ந்து வரியையும் குரல் மெட்டையும் கண்டுபிடித்தார். கீபோர்டு ஒரே மாதிரி உருண்டுகொண்டே இருக்க, ஒவ்வொரு சுற்றிலும் ஏதாவது ஒன்று சேர்கிறது: பேஸ், டிரம்ஸ், காலின்ஸின் குரல். யாரும் முந்தவில்லை, யாரும் தன் திறமையைக் காட்டவில்லை. பிரிவினை ஏற்பாடு ஒழுங்காக வேலை செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இந்த ஒரு பாட்டே போதும். தனிப் பாட்டுத் தட்டாக, சிங்கிளாக, வெளியிட்டபோது பட்டியலில் எங்குமே வரவில்லை என்பது வேறு கதை.

பழைய சரக்கும் உண்டு. 'எனிவே' பாட்டின் பியானோ 1970-இல் ஓர் ஓவியரைப் பற்றிய படத்துக்காகப் பதிவு செய்து பயன்படாமல் போனதிலிருந்து வந்தது. 'லிலிவைட் லிலித்' காலின்ஸ் முன்பு கொண்டுவந்த 'த லைட்' என்ற பாட்டின் மறுபிறவி. இரட்டைத் தட்டை நிரப்பும் அவசரத்தில் பரணிலிருந்து எடுத்தவை என்றாலும் இரண்டும் நன்றாகவே பொருந்தின.

வேல்ஸும் லண்டனும்

பதிவு நடந்தது மேற்கு வேல்ஸில், கிளாஸ்பாண்ட் என்ற கிராமத்து வீட்டில். ஐலண்ட் நிறுவனத்தின் நடமாடும் ஸ்டூடியோ வண்டியை வாசலில் நிறுத்தி, வீட்டுக்குள் வாசித்ததைப் பிடித்தார்கள். தயாரிப்பு ஜான் பர்ன்ஸும் குழுவும். அந்த ஒலியில் வழவழப்புக் குறைவு, அறையின் சத்தம் கேட்கும். முந்தைய ஆல்பத்தின் மெருகு இதில் இல்லை என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. ரேயலின் கதைக்கு இந்தச் சொரசொரப்பு சரியாகத்தான் இருக்கிறது.

ஜூலை 26-இல் கேப்ரியலுக்கும் மனைவி ஜில்லுக்கும் முதல் குழந்தை பிறந்தது. பிரசவம் கஷ்டமானது. குழந்தை இன்குபேட்டரில், லண்டன் ஆஸ்பத்திரியில். பிழைக்குமா என்றே தெரியாத நாட்கள். கேப்ரியல் வேல்ஸுக்கும் லண்டனுக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்தார். மற்றவர்களுக்கோ பதிவு தள்ளிப்போகிற கவலை. அவர்கள் தன் நிலைமையைப் புரிந்துகொள்ளவில்லை என்ற காயம் கேப்ரியலுக்கு ஆழமாகப் பட்டது. பேங்க்ஸும் ரதர்ஃபோர்டும் பிற்காலத்தில் அதை ஒத்துக்கொண்டார்கள். அந்த வயதில் குழந்தை என்றால் என்ன என்று தங்களுக்குத் தெரியவில்லை என்றார்கள்.

ஆக, இசை வேல்ஸில் முடிந்தபோது வரி முடியவில்லை. லண்டனில் ஐலண்ட் ஸ்டூடியோவில், பதிவான ஒலிகளைக் கலந்து சேர்க்கும் மிக்ஸிங் நடக்கும்போதுதான் கேப்ரியல் பல பாட்டுகளைப் பாடினார். இதன் விளைவை இரண்டாவது தட்டில் காது கொடுத்தால் பிடிக்கலாம். 'த காலனி ஆஃப் ஸ்லிப்பர்மென்' பாட்டில் வாத்தியத்துக்கென்று இருக்க வேண்டிய இடத்திலும் வார்த்தைகள் நெரிசலாக ஏறி உட்கார்ந்திருக்கின்றன. ஏற்கெனவே கட்டி முடித்த வீட்டுக்குள் ஒரு நாவலைக் கொண்டுபோய் வைத்தது போல. எங்கே சுவரை இடிக்கலாம், எங்கே ஜன்னல் வைக்கலாம் என்று சேர்ந்து பேச நேரமும் இல்லை, மனநிலையும் இல்லை. பழைய வழக்கப்படி ஐந்து பேரும் கலந்து செய்திருந்தால் அந்தப் பாட்டில் பாதி வரிகள் குறைந்திருக்கும்.

நேரம் போதாமல் 'த லைட் டைஸ் டவுன் ஆன் பிராட்வே' பாட்டுக்கு மட்டும் பேங்க்ஸும் ரதர்ஃபோர்டும் வரி எழுதிக்கொடுத்தார்கள். ஒரே ஆள்தான் எழுதுவது என்ற விதியில் விழுந்த ஒரே விரிசல் அதுதான்.

அதே கட்டடத்தில் இசைக் கலைஞர் பிரையன் ஈனோ தன் ஆல்பத்தைச் செய்துகொண்டிருந்தார். கேப்ரியல் போய்க் கேட்க, 'இன் த கேஜ்', 'த கிராண்ட் பரேட் ஆஃப் லைஃப்லெஸ் பேக்கேஜிங்' ஆகிய பாட்டுகளில் குரலைத் தன் கருவிகளுக்குள் செலுத்தி உருமாற்றிக் கொடுத்தார். அதற்குப் பதிலாகக் காலின்ஸை மேலே அனுப்பி ஈனோவின் ஒரு பாட்டுக்கு டிரம்ஸ் வாசிக்க வைத்தார்கள். தட்டின் உறையில் 'ஈனோசிஃபிகேஷன்' என்றே நன்றி போட்டிருக்கிறார்கள். அந்த உறையும் மாறியிருந்தது. வண்ண ஓவியங்களுக்குப் பதில் ஹிப்னோசிஸ் நிறுவனத்தின் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள்.

மேடை

பிரிட்டனில்தான் சுற்றுப்பயணம் தொடங்குவதாக இருந்தது. ஹேக்கெட் கையில் பிடித்திருந்த ஒயின் கிளாஸை அழுத்தி உடைத்துவிட, கட்டைவிரல் தசைநாரும் நரம்பும் அறுந்துபோயின. அந்தக் கச்சேரிகள் தள்ளிப்போடப்பட்டன. அதனால் முதல் கச்சேரி நவம்பர் 20-இல் சிகாகோவில். ஆல்பத்தை அங்கே அநேகமாக யாரும் கேட்டிருக்கவில்லை. 94 நிமிடப் புதுப் பாட்டு, முதலிலிருந்து கடைசிவரை, ஒரு பழைய பாட்டுகூட இடையில் இல்லாமல். பழைய பாட்டு வேண்டுமென்றால் எல்லாம் முடிந்து கூடுதலாக வாசிக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

மூன்று திரைகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்லைடுகள். புரொஜெக்டர்கள் எல்லாம் ஒழுங்காக ஓடிய இரவுகள் அபூர்வம். கேப்ரியல் தலைமுடியை வெட்டி, தோல் ஜாக்கெட் அணிந்து ரேயலாகவே நின்றார். ஸ்லிப்பர்மேன் பகுதியில் உடம்பெங்கும் கொப்புளமாக வீங்கிய ஒரு ரப்பர் உடைக்குள் புகுந்து, ஒரு குழாய் வழியாகத் தவழ்ந்து வெளியே வருவார். பார்க்கப் பிரமாதம். ஆனால் அந்த உடைக்குள்ளிருந்து மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோக முடியாது. யாருடைய வரிகளுக்காக நால்வரும் இடம் விட்டுக்கொடுத்தார்களோ, அந்த வரிகள் மேடையில் கேட்கவே இல்லை. ஹேக்கெட் உட்கார்ந்தபடி, பேங்க்ஸ் கீபோர்டுகளுக்குப் பின்னால், யாரும் பார்க்காத இடத்திலிருந்து இசையைத் தாங்கிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் பத்திரிகை முழுக்க உடையைப் பற்றி எழுதும்.

சுற்றுப்பயணம் தொடங்கிய ஒரு வாரத்துக்குள், கிளீவ்லாந்து ஹோட்டலில், இது முடிந்ததும் விலகிவிடுவேன் என்று கேப்ரியல் சொல்லிவிட்டார். வெளியே மூச்சு விடாமல் 1975 மே வரை, மொத்தம் 102 கச்சேரி என்று கணக்கு, ஐவரும் வாசித்து முடித்தார்கள். சண்டை போட்டுக்கொண்டும் இல்லை, கட்டித் தழுவிக்கொண்டும் இல்லை, வேலையைச் செய்தார்கள். அந்த ஆறு மாதத்தின் மன அழுத்தத்தை யோசித்தால் எனக்கு அவர்கள்மேல் மரியாதை கூடுகிறது.

பிறகு

விற்பனைப் பட்டியலில் ஆல்பத்துக்கு பிரிட்டனில் 10-ஆம் இடம், அமெரிக்காவில் 41-ஆம் இடம். முந்தையதைவிட அவர்கள் நாட்டில் இறக்கம்தான். 1975 ஆகஸ்டில் விலகல் செய்தி வெளியானதும் ஜெனசிஸ் முடிந்தது என்று எழுதினார்கள். நால்வரும் அதைக் காதில் வாங்கவில்லை. நூற்றுக்கணக்கான பாடகர்களைக் கேட்டுப்பார்த்துவிட்டு, கடைசியில் டிரம்ஸ் பக்கம் உட்கார்ந்திருந்த காலின்ஸையே பாட வைத்தார்கள். 1976 பிப்ரவரியில் வந்த 'எ ட்ரிக் ஆஃப் த டெய்ல்' மீண்டும் 3-ஆம் இடம். ஹெட்லி கிரேஞ்சின் பெரிய அறையில் பழகிய பழக்கம் கைகொடுத்தது. ஹேக்கெட் 1977-இல் விலகினார். கேப்ரியல் அதே ஆண்டு 'சோல்ஸ்பரி ஹில்' பாட்டோடு வந்தார். குழுவை விட்டு வெளியேறிய அனுபவத்தைச் சொல்லும் அந்தப் பாட்டும் 7 எண்ணிக்கையில்தான் நடக்கிறது.

பகை நிலைக்கவில்லை. 1982-இல் கேப்ரியல் முன்னின்று தொடங்கிய வோமாட் உலக இசை விழா பெரும் கடனில் மூழ்கியபோது, பழைய தோழர்கள் மில்டன் கீன்ஸில் ஒரே ஒரு கச்சேரிக்குக் கூடி அந்தக் கடனை அடைக்க உதவினார்கள். அடைமழையில் கேப்ரியலைச் சவப்பெட்டியில் தூக்கிவர, முதல் பாட்டாக வாசித்தது 'பேக் இன் என்.ஒய்.சி.'

1975 ஜனவரி 24-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஷ்ரைன் அரங்கில் பதிவான கச்சேரி 1998-இல்தான் பெட்டித் தொகுப்பாக வந்தது. உடைகளால் கெட்டுப்போன குரலைக் கேப்ரியல் தொண்ணூறுகளில் மறுபடி பாடிச் சேர்த்தார். அந்த வகையில் நால்வரின் வாசிப்பு பெரும்பாலும் 23, 24 வயதில், குரலின் பெரும்பகுதி நாற்பதுகளின் நடுவில். 2025-இல் வந்த ஐம்பதாண்டுப் பதிப்பிலும் அந்தக் கச்சேரி இருக்கிறது.

புதிதாகக் கேட்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். கதைச் சுருக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்க வேண்டாம். முதல் தட்டை மட்டும், ஹெட்போனில், ஒரே மூச்சில் கேளுங்கள். ஒருமுறை பேஸையும் டிரம்ஸையும் மட்டும் பின்தொடருங்கள், அடுத்தமுறை கீபோர்டை. ரேயல் எங்கே போனான் என்பது மூன்றாம் முறை தானாகத் தெரியவரும். இரண்டாவது தட்டுக்கு அப்புறம் போகலாம். அங்கே 'த லேமியா'வில் தொடங்கினால் நல்லது. 'ஸ்லிப்பர்மென்' கடைசியாக இருக்கட்டும்.